வருத்தம் பார்க்கப் போகிறவர்

அவருடைய வீட்டில் எப்போதும் ஒரு தகரப் பெட்டி விசுக்கோத்து இருந்தது. அதை அந்த வீட்டில் யாரும் உண்பதில்லை. கனடாவிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து நின்ற விடுமுறையிலும் அது திறக்கப்படவில்லை. வெளிக்கிட்டுத் தயாராக நிற்கும் ஆளைப்போல, அலுமாரியின் மேல்தட்டில் அது காத்திருக்கும். உரும்பிராயில் யாராவது படுத்துவிட்டார் என்ற செய்தி எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால், அன்று பின்னேரமே அந்தப் பெட்டி அவருடைய சைக்கிள் கரியரில் ஏறிவிடும்.

எங்கள் பக்கத்தில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பெயர். நோயாளியைத் தேடிப் போவது ‘வருத்தம் பார்க்கப் போவது’. கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் இருப்பதைப் போலவே அதற்கும் முறை உண்டு. போகாமல் விட்டால் மனத்தாங்கலும் உண்டு. மற்றவர்கள் அதை ஒரு கடமையாகச் செய்தார்கள். அவர் அதை ஓர் உத்தியோகமாகச் செய்தார்.

அவருடைய செயல்முறை ஒழுங்கானது. கட்டிலின் கால்மாட்டில் மட்டுமே அமர்வார். வருத்தத்தின் பெயரைக் கேட்கமாட்டார். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, இதே வருத்தம் வந்த யாரோ ஒருவர் இப்போது நீர்வேலியில் வாழைக்குலை சுமக்கிறார் என்று சொல்வார். தேநீர் கொடுத்தால் சீனியோடு குடிப்பார். எழும்பும்போது, எல்லோரும் ‘போய் வருகிறேன்’ என்ற பொருளில் சொல்லும் ‘போட்டு வாறன்’ என்பதை ஒருநாளும் சொல்லமாட்டார்.

“வருத்தக்காரன் வீட்டிலை போட்டு வாறன் எண்டு சொன்னால், திரும்பியும் வரவேண்டிக் கிடக்கு எண்டெல்லோ அர்த்தம்? அவன் அதைக் கேட்டு இன்னும் படுத்திடுவான்” என்பார்.

அதனால் அவர் சொல்வது ஒரே வசனம்: “இனி றோட்டிலை சந்திப்பம்.”

ஒருமுறை என்னிடம் சொன்னார்: “மனிசர் ரெண்டு வகை, பிள்ளை. படுக்கிறவை, பாக்கப் போறவை. நான் ரெண்டாவது.”

இதைச் சொன்ன மனிதருக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த காலத்தில், பற்றை மூடிக் கிடந்த தன் தோட்டத்தைத் துப்புரவாக்கப் போனபோது மிதிவெடியில் போனது. செயற்கைக் காலைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓடினார். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஒரு காது மந்தம், ஒரு கண்ணில் வெண்படலம் ஆகியவையும் அவருக்கு இருந்தன. கிளினிக்கிலிருந்து அவர் கொண்டுவரும் மருந்துப் பை என்னுடைய சாப்பாட்டுப் பையைவிடப் பெரியது.

இவை ஒன்றையும் அவர் வருத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

“சீனி ஒரு வருத்தமே? அது நரை மாதிரி. வயசுக்கு வாறது.”

“அப்ப பிறசர், மாமா?”

“அது உன்ரை மாமியோடை இருக்கிறதாலை வாறது. அது அவவின்ரை வருத்தம். எனக்கு ஏறுது, அவ்வளவுதான்.”

“காது?”

“கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு.”

“கால்?”

“இல்லாத காலுக்கு ஒருநாளும் வருத்தம் வராது. உனக்கு ரெண்டு கால் கிடக்கு. ரெண்டுக்கும் நீ பயப்பிடவேணும். எனக்குப் பாதிப் பயம்.”

அவர் எங்களுக்கு உறவினர் அல்லர். ஒழுங்கையின் எதிர்வீடு. அவரை மாமா என்றும் அவருடைய மனைவியை மாமி என்றும் அழைத்தே வளர்ந்தேன். சமூகவியலில் பட்டம் பெற்று, சில காலம் வேலைக்குக் காத்திருந்து, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது முதியோர் நலன் என் பொறுப்புக்கு வந்தது. தங்கள் உடல்நலத்தைப் பற்றி முதியவர்கள் தாமே என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டறிவது அந்த வேலையில் ஒரு பகுதி. அருகில் இருந்ததால் அவரிடமே முதலில் போனேன்.

“மாமா, உங்கடை உடம்பு எப்பிடி இருக்கு? மிக நல்லது, நல்லது, பரவாயில்லை, நல்லாயில்லை, படுமோசம். இதிலை ஒண்டைச் சொல்லுங்கோ.”

“முதலாவது.”

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கோவன்.”

“யோசிச்சனான். அதுக்கு மேலை ஒண்டு இல்லையோ?”

அந்த நேரம் வாசலில் யோசப்பு நின்றார். கொழும்புத்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவந்து எங்கள் ஒழுங்கைகளில் விற்பவர். அவரும் அறுபதைத் தாண்டியவர்தான். ஆனால் ஐஸ் போட்ட மீன்பெட்டியைத் தனியாகத் தூக்கி இறக்குவார். சீனியும் இல்லை, பிறசரும் இல்லை. பல்லெல்லாம் அவருடைய சொந்தப் பல்.

“தங்கச்சி, என்னையும் ஒருக்காக் கேளுங்கோ” என்றார் யோசப்பு.

கேட்டேன்.

“கடைசி. அதுக்குக் கீழை ஒண்டு இருந்தால் அதைப் போடுங்கோ.”

“உவனுக்கு என்ன குறை?” என்றார் மாமா. “எருமைமாடு மாதிரி நிக்கிறான்.”

“அண்ணை, வெளியாலை பாத்துச் சொல்லாதேங்கோ. உள்ளுக்கை நான் முடிஞ்சன்.”

“போன வருசமும் முடிஞ்சன் எண்டுதானே சொன்னனி?”

“அது வேறை முடிவு, அண்ணை.”

இருவருடைய விடைகளையும் கொண்டு அலுவலகத்துக்குப் போனபோது எனக்குக் கவலையாக இருந்தது. இந்த விடைகளை நம்பி யாராவது திட்டம் தீட்டினால், உதவிகள் எல்லாம் யோசப்புக்குப் போகும். மாமாவுக்கு வாழ்த்து மட்டும் போகும். அதனால் மறுநாளும் போய்க் கேட்டேன்: “மாமா, ஆரோடை ஒப்பிட்டு மிக நல்லது எண்டு சொன்னனீங்கள்?”

“நேற்றுப் பின்னேரம் பாத்த ஆளோடை.”

அவருடைய சுகத்தின் அடித்தளம் அதுதான் என்பதை அப்போது விளங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பின்னேரமும் அவர் தன்னைவிட மோசமான ஒருவரைப் பார்த்தார். ஒவ்வொரு இரவும் அதனால் சுகமாக உறங்கினார். இதில் எனக்குச் சிறிது நெருடலும் இருந்தது. இதய சத்திரசிகிச்சை முடிந்து வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரைப் பார்க்க ஒருநாள் நானும் கூடப் போனேன். அந்த மனிதர் கிணற்றடியில் நின்று கத்தரிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாமாவின் முகம் வாடியது. பெட்டியைக் கரியரிலிருந்து இறக்கவே இல்லை. திரும்பும் வழியில், ஏமாற்றப்பட்டவரின் குரலில் சொன்னார்:

“அந்தாளுக்கு ஒண்டுமில்லை. வீணாய் ஒரு பின்னேரம்.”

அன்றுதான் பெட்டியின் ஒரு மூலை நெளிந்தது. யோசனையில் சைக்கிளை ஓடி, சந்தியில் ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டார். பெட்டி கரியரிலிருந்து தெறித்து மதிலில் மோதியது. அதற்குப் பிறகும் அவர் அதை மாற்றவில்லை; கொடுத்த வீடுகளிலும் யாரும் திறக்காமல், அது எப்படியோ சுற்றி அவரிடமே வந்து சேர்ந்தது.

“உள்ளுக்கை விசுக்கோத்து நல்லாத்தான் கிடக்கும்” என்றார்.

ஆனால் அவரை வெறும் சுயநலக்காரர் என்று நான் எழுதிவிட முடியாது. எங்கள் ஊரில் படுத்த கிழவர்கள் பலருக்குப் பிள்ளைகள் கைப்பேசித் திரையில் மட்டுமே இருந்தார்கள். கால்மாட்டில் வந்து அமர்ந்தவர் இவர் ஒருவர்தான். ‘நான் சுகதேகி’ என்ற அந்த நம்பிக்கை இல்லாவிட்டால், இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த அந்தக் காலைக் கட்டிக்கொண்டு வைகாசி வெயிலில் அவர் வெளிக்கிட்டிருப்பாரா? ஒரு மனிதரை நடக்க வைக்கும் பொய்யைத் திருத்தும் உரிமை எனக்கு உண்டா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்குள், அந்த நம்பிக்கை அவருக்கு மிஞ்சியிருந்த காலில் கை வைத்தது.

ஒருநாள் மாமி வேலியால் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இவர் இப்ப சொக்ஸ் போட்டுக்கொண்டெல்லோ படுக்கிறார்.”

“ஆர், மாமாவோ? இந்த வெக்கையிலையோ?”

“குளிக்கேக்கையும் கழட்டிறார் இல்லை. கேட்டால், ஒரு சோடி வாங்கினால் எனக்கு ரெண்டு சோடி, ஏன் வீணாக்குவான் எண்டு பகிடி விடுறார். எனக்கு மணக்குது, பிள்ளை. அவருக்கு மணக்கேல்லையாம்.”

நான் போனபோது அவர் முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். இடது காலில் சாம்பல் நிறச் சொக்ஸ். விரல்கள் இருக்கும் பக்கத்தில் ஈரம் ஊறியிருந்தது. நான் படித்ததெல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன்: நீரிழிவில் காலின் உணர்வு குறைவதை, காயம் தெரியாமலே வளர்வதை, காலம் தாழ்த்தினால் என்ன நேரும் என்பதை. அவர் நல்ல காதை என் பக்கம் திருப்பி மரியாதையோடு கேட்டார்.

“நல்லாச் சொல்லுறாய், பிள்ளை. இதை நீ அந்தச் சீனி வருத்தக்காரருக்குச் சொல்லவேணும்.”

“உங்களுக்குத்தான் சொல்லுறன், மாமா. உங்கடை கால் போகப்போகுது.”

மாமா செயற்கைக் காலை விரலால் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது.

“இந்தக் காலை வெடி கொண்டுபோனது. ஊருக்கே தெரியும். அது வருத்தமில்லை, நடந்த ஒரு சங்கதி. மற்றக் காலைச் சீனி கொண்டுபோச்செண்டால் சனம் என்ன செய்யும் தெரியுமோ?”

“என்ன செய்யும்?”

“விசுக்கோத்தோடை வரும்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் பயந்தது கால் போவதற்கு அன்று. கால்மாட்டில் வேறொருவர் வந்து அமர்வதற்கு.

வழியைக் கண்டுபிடித்தவர் மாமிதான். அடுத்த நாள் காலையில் மீன் வரவில்லை. யோசப்புக்குக் குடலிறக்கமாம், யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து வைத்திருக்கிறார்களாம் என்று செய்தி வந்தது. மாமியின் முகத்தில் அந்தச் செய்திக்குப் பொருந்தாத ஒரு வெளிச்சம் வந்தது.

“இவரைப் பாக்கக் கூட்டிக்கொண்டு போவம். அங்கை டொக்டர் நிப்பார்தானே. நான் நேர்ஸ் மிஸ்ஸியின்ரை காதிலை ஒரு சொல்லுப் போடுறன்.”

“மாமி, அது ஏமாத்திற மாதிரி. தன்ரை உடம்பைப் பற்றி முடிவெடுக்க அவருக்கு உரிமை இருக்கு. விருப்பமில்லாத ஆளை இப்பிடி...”

“உரிமையோ? அந்த உரிமை எந்தக் காலிலை நிக்குமெண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லு.”

 ஆயினும், அவரிடம் நான் பொய் எதுவும் சொல்லமாட்டேன் என்று மாமியிடம் திட்டவட்டமாக அறிவித்துவிட்டுத்தான் ஓட்டோவில் ஏறினேன். பொய் சொல்லவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. யோசப்புக்கு வருத்தம் என்றதுமே அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னே ஏறியிருந்தார்.

சத்திரசிகிச்சை விடுதியில் யோசப்பு நெஞ்சுவரை போர்த்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார்.

“அண்ணை, வந்திட்டியளோ? இனி நான் கண்ணை மூடலாம்.”

“மூடாதை. நீ கண்ணை மூடுறதைப் பாக்கவோ நான் இந்த வெயிலுக்குள்ளாலை வந்தனான்? இந்தா.” நெளிந்த மூலைப் பெட்டியை அவருடைய தலைமாட்டு மேசையில் வைத்துவிட்டு, மாமா கால்மாட்டில் அமர்ந்தார். “குருநகரிலை ஒருத்தனுக்கு உதே ஒப்பரேஷன். இப்ப அவன் வள்ளம் இழுக்கிறான்.”

“அவன் பொடியனாக்கும்.”

“உன்னிலும் மூப்பு. கதையாதை.”

மாமியின் சொல் அதற்குள் மிஸ்ஸியின் காதுவழியாக வைத்தியருக்குப் போயிருந்தது. இளைஞரான ஒரு வைத்தியர் வந்து யோசப்பின் வயிற்றைப் பார்த்தார். பிறகு சாவகாசமாக மாமாவின் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அந்தச் சொக்ஸை ஒருக்காக் கழட்டுங்கோ.”

“நான் பாக்க வந்தனான், தம்பி.”

“நானும் பாக்கத்தான் வந்தனான், ஐயா.”

மாமா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். மாமி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வைத்தியரே குனிந்து சொக்ஸை மெல்ல உருட்டி எடுத்தார். சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் கறுத்துப்போயிருந்தன. யோசப்பு தன் சாவை மறந்து எழுந்து உட்கார்ந்தார்.

“ஐயோ அண்ணை!”

“இண்டைக்கே நிண்டால் விரலோடை போகும்” என்றார் வைத்தியர். “பின்னடிச்சால் எதுவரை போகுமெண்டு என்னாலை சொல்லேலாது.”

மாமா தன் காலை, யாரோ ஒருவருடைய காலைப்போல, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விடுதி முழுவதும் எங்களைப் பார்த்தது. அடுத்த கட்டில் வெறுமையாக இருந்தது. மாமி அதன் விரிப்பைக் கையால் நீவிவிட்டார்.

“யோசப்பு” என்றார் மாமா. “ராவிலை உனக்குத் துணைக்கு ஆர் நிக்கிறது?”

யோசப்பின் இரண்டு மகன்மார் வாசலில் நிற்பதை நான் வரும்போதே கண்டிருந்தேன்.

“ஒருத்தருமில்லை, அண்ணை” என்றார் யோசப்பு.

“அப்ப நான் நிக்கிறன்.”

அவர் அந்த விடுதியில் அனுமதிக்கப்பட்டது அப்படித்தான். அவரைப் பொறுத்தவரை அவர் யோசப்புக்குத் துணைக்கு நின்றார். நிற்கிற நேரத்தில் அவருடைய இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

செய்தி உரும்பிராய்க்குப் போனது. அவர் பார்க்கப் போயிருந்தவர்களில் எழும்பி நடக்கக்கூடிய எல்லோரும், திருப்பிச் செய்யக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடாமல் புறப்பட்டு வந்தார்கள். நான் போன பின்னேரத்தில் அவருடைய கட்டில் மடிப்புக் குலையாமல் கிடந்தது. அவர் ஆஸ்பத்திரி உடுப்பின்மேல் தன் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட பாதத்தை யோசப்பின் கட்டிலுக்கடியில் நீட்டி மறைத்து, யோசப்பின் கால்மாட்டில் ஸ்ரூலில் அமர்ந்திருந்தார். தபாலதிபர் தோடம்பழப் பையோடு நின்றார்.

“எப்பிடிச் சுகம்?” என்று மாமாவைக் கேட்டார்.

“பரவாயில்லை. நேற்றைக்கு இண்டைக்கு நல்லாத் தெளிஞ்சிட்டான்” என்று மாமா யோசப்பைக் காட்டினார். “பழத்தை அங்காலை வையுங்கோ. அவனுக்குத் தோடம்பழம் விருப்பம்.”

மீன் விற்பவராக மட்டுமே அறிந்த மனிதருக்குத் தபாலதிபர் தோடம்பழத்தைக் கொடுத்துவிட்டு, நலம் விசாரித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். யோசப்பின் மேசை நிறைந்து, தரையிலும் பழப் பைகள் சேர்ந்தன. வாழ்நாளில் முதல்முறையாகத் தன் வருத்தத்தை ஊர் நம்புகிறது என்ற நிறைவில் யோசப்பு அழகாக முனகினார்.

சிக்கல் வைத்தியரால் வந்தது. யோசப்பு வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

“உவனுக்கு இன்னும் சுகமில்லை, தம்பி” என்று மாமா வாதாடினார். “ராவெல்லாம் அனுங்கினவன்.”

“அனுங்கினனான்” என்றார் யோசப்பு.

“ரெண்டு பேரும் அனுங்கினனீங்கள்” என்றார் மிஸ்ஸி. “ஐயாதான் கூடுதலா அனுங்கினவர்.”

யோசப்பு போனார். துணைக்கு நின்றவர் துணையில்லாமல் போனார். அன்று பின்னேரம் அவருடைய பாதத்தில் வலி கூடிக் காய்ச்சலும் வந்தது. சேட்டைப் போட அவருக்குத் தெம்பு இருக்கவில்லை. நான் அவரை முதன்முதலாகப் படுத்திருக்கக் கண்டேன். செயற்கைக் கால் கட்டிலடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. போர்வை முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.  இந்த விடுதியிலிருந்து அவர் கால் குறைந்து திரும்பலாம். ஆனால் வருத்தக்காரராகத் திரும்பினால், பிறகு எழும்பவே மாட்டார் என்று எனக்குப் பட்டது.

அப்போது யோசப்பு வந்தார். முழுகி, தலை இழுத்து, தேய்த்த சேட்டுப் போட்டிருந்தார். கையில் அந்த நெளிந்த மூலைப் பெட்டி. அதை மாமாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு, முறை தெரிந்தவராகக் கால்மாட்டில் அமர்ந்தார்.

“எப்பிடி அண்ணை சுகம்?”

மாமா மெல்லத் தலையைத் திருப்பினார். பெட்டியைப் பார்த்தார். அதன் மூலையைப் பார்த்தார்.  பிறகு அவருடைய நல்ல கண் யோசப்பின் முகத்தில் ஊன்றியது.

“அதை விடு. நீ ஏன் இப்பிடி வெளிறிப்போய்க் கிடக்கிறாய்? வீட்டிலை சாப்பாடு சரியில்லையோ?”

யோசப்பின் தோள்கள் தளர்ந்தன. “அதுதான், அண்ணை... ராத்திரி வயித்துக்குள்ளை ஒரு மாதிரி...”

“எனக்குத் தெரியும். உன்னை வெள்ளன விட்டிட்டாங்கள். இஞ்சை கிட்ட வா, பாப்பம்.” மாமா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். “மாமியிட்டைச் சொல்லு பிள்ளை, உவனுக்கு ஒரு தேத்தண்ணி எடுத்துக் குடுக்க.”

வீட்டுக்கு வந்தபின் அவர் சொன்ன கணக்கு வேறு: “ரெண்டு விரல் குறைஞ்சது நல்லதுக்குத்தான். சப்பாத்து இப்ப கடிக்கிறதில்லை.” பாதம் தப்பியிருந்தது. ஆனால் காயம் முற்றாக ஆறும்வரை நாள் தவறாமல் பிரதேச வைத்தியசாலைக்குப் போய்க் கட்டு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் பாதமும் போகும் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். முதல் சில நாட்கள் போனார். பிறகு நின்றுவிட்டார்.

“அங்கை வாங்கிலை இருக்கிறதெல்லாம் வருத்தக்காரர்” என்றார். “அவங்களுக்கை போய் நான் ஏன் இருப்பான்?”

மாமி கெஞ்சினார், ஏசினார், இரண்டு நேரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். நான் மறுபடியும் விளக்கினேன். அவர் மறுபடியும் நல்ல காதைத் திருப்பிக் கேட்டார்.

அந்தக் கிழமையில் என் ஸ்கூட்டிக்குக் குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி பாய்ந்தது. குட்டி தப்பியது. எனக்கு மணிக்கட்டு எலும்பு வெடித்து, மாக்கட்டுப் போட்டு, கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டு வீட்டில் படுக்கவிட்டார்கள்.

அன்று பின்னேரமே ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. காயம் ஆறாத காலோடு சைக்கிள் ஓடக்கூடாது என்று மாமி எதிர்வீட்டு வாசலிலிருந்து கத்துவதும் கேட்டது. ஒழுங்கையைக் கடப்பதற்குச் சைக்கிள் தேவையில்லை. ஆனால் கரியர் இல்லாமல் பெட்டி வருவது முறையல்ல. அவர் உள்ளே வந்து, நெளிந்த மூலைப் பெட்டியை என் தலைமாட்டில் வைத்தார். அதன் அடியில் அச்சிட்டிருந்த திகதியை நான் வாசிக்கவில்லை. அவர் கால்மாட்டில் கதிரை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கட்டுப்போட்ட பாதத்தில், கட்டு அழுக்கேறிப் பழுப்பாகியிருந்தது.

“எப்பிடிச் சுகம், பிள்ளை?”

எனக்கு உண்மையில் பெரிய வலி இருக்கவில்லை. “நல்ல சுகம், மாமா” என்றேன்.

கிணற்றடியில் தபாலதிபரைக் கண்டபோது வாடிய அதே முகம் மறுபடியும் வாடியது. எழும்பப் போகிறவரைப் போலக் கதிரையின் கையைப் பிடித்தார். அந்த ஒரு கணத்தில் நான் யோசித்தது நிறைய: அவருடைய உரிமை, மாமியின் கெஞ்சல், அந்தப் பழுப்புக் கட்டு, அதற்குள்ளே மிஞ்சியிருக்கும் பாதம், அவரிடம் பொய் சொல்லமாட்டேன் என்று நான் அறிவித்த அறிவித்தல். என்னை அடுத்த கிழமைதான் வரச் சொல்லியிருந்தார்கள்.

“சுகமில்லை, மாமா” என்றேன். “உள்ளுக்கை நோகுது. நாளைக்குக் காலமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னவை. அம்மா படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போயிடுவா. தனியப் போகப் பயமாக் கிடக்கு.”

அவர் திரும்பி அமர்ந்தார். முகம் மலர்ந்தது.

“இதுக்கே பயம்? நான் வாறன். நான் சும்மாதானே இருக்கிறன்.” பிறகு நீர்வேலியில் கை முறிந்த ஒருத்தி இப்போது உரல் இடிக்கிறாள் என்று சொன்னார். தேநீரைச் சீனியோடு குடித்தார்.

எழும்பும்போது செயற்கைக் காலை முதலில் ஊன்றி, மற்றதை மெல்ல இறக்கினார். வாசல்வரை போனவர், என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“முதல்லை கட்டு மாத்திற அறைக்குப் போவம். அங்கை காலமையிலை சனம் குறைவு. பிறகு உன்ரை அலுவல் ஏதும் இருந்தால் பாப்பம்.”

 கட்டு மாற்றும் அறையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

அவர் சைக்கிளை உருட்டினார். ‘இனி றோட்டிலை சந்திப்பம்’ என்ற வழமையான அந்த வசனத்துக்காக நான் காத்திருந்தேன்.

“சரி, பிள்ளை” என்றார். “போட்டு வாறன்.”